தொலைவிலிருந்து இயங்கும் கணிப்பொறி



காவிரிப் பாசன நாட்டிற் பிறந்த நமக்கு, ஒரு காரியத்தைத் தொலைவிலிருந்து நடத்துவது புதுமையன்று. மேட்டூரில் மதகு திறந்தால், நாகப்பட்டினத்துக் கடைமடை வயலில் நாற்று நிமிர்கிறது. இடையே கல்லணையில் அந்நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. பிரியும் இடந்தோறும் மதகு உண்டு. மதகுக்குப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. அவரை நம் ஊர்களில் லஸ்கர் என்போம். மேலதிகாரியின் கட்டளையின்றி அவர் பலகையை உயர்த்துவதில்லை. போவோர் வருவோரெல்லாம் உயர்த்தலாம் என்று விட்டால், ஓரிடத்தில் வெள்ளமும் ஓரிடத்தில் வறட்சியுமே மிஞ்சும். இந்த ஒழுங்கை மனத்திற்கொண்டு, இன்றைய பொருளுக்குச் செல்வோம்.

அலுவலகத்தில் இருக்கும் கணிப்பொறியை வீட்டிலிருந்தே இயக்குவதற்கு இன்று பல மென்பொருள்கள் உள்ளன. 2020 மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது இவற்றின் தேவை பலருக்கும் திடீரென வந்தது. நாளை நீங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ, அரிசி ஆலையிலோ, பள்ளி அலுவலகத்திலோ பணியேற்கும்போது, 'இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது?' என்ற கேள்வி உங்களிடமும் வரும். ஆதலின் அதற்கு விடை காணும் முறையை இன்று கூற விழைகிறேன்.

முதலில் இது இயங்கும் விதத்தை அறிவோம். அலுவலகக் கணிப்பொறியின் திரையில் தோன்றுவது படமாக மாறி இணையத்தின் வழியே வீட்டுக்கு வருகிறது. வீட்டில் நாம் தட்டும் எழுத்தும் நகர்த்தும் சுட்டியும் அங்கே செல்கின்றன. கோப்பு அலுவலகத்திலேயே இருக்கிறது. கண்ணும் கையும் மட்டுமே பயணம் செய்கின்றன. 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் உருவான வி.என்.சி. என்பது இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. மைக்ரோசாப்ட் நிறுவனமும் 1998இல் தன் விண்டோஸ் அமைப்பில் இத்தகைய வசதியைச் சேர்த்தது.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. வீட்டுக் கணிப்பொறியும் அலுவலகக் கணிப்பொறியும் ஒன்றின் வாசலை மற்றொன்று நேரே அறியமாட்டா. எனவே இரண்டும், மென்பொருளை நடத்தும் நிறுவனத்தின் சேவையகத்தை அழைக்கின்றன. அது இரண்டையும் கூட்டி வைக்கிறது. ஊருக்குப் புதிய இருவர் மூன்றாமவர் வீட்டுத் திண்ணையில் சந்திப்பது போன்றது இது. ஆகவே, அந்தத் திண்ணை யாருடையது, அவர் எத்தகையவர் என்று கேட்பது நம் கடமையாகிறது.

ஓய்வுபெற்ற பின்னர் எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் அலுவலகப் பணிக்கு நான் துணைநின்று வருகிறேன். ஊரடங்கில் அதன் எழுத்தர் வெண்ணாற்றின் அக்கரையில் தம் ஊரில் இருந்தார். கணக்குகளும் மாணவர் பதிவேடுகளும் இக்கரையில், பள்ளியின் கணிப்பொறியில் இருந்தன. எந்த மென்பொருளை நிறுவலாம் என்று பள்ளிக் குழுவினர் என்னைக் கேட்டனர். பெயர்களைப் பிறகு பார்ப்போம் என்று கூறி, ஒரு தாளில் ஐந்து வினாக்களை எழுதினேன்.

முதல் வினா: இது தேவைதானா? மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் என்னும் அரசுத் தளம் எங்கிருந்தும் திறக்கக் கூடியது. வங்கிப் பணியும் அவ்வாறே. இவற்றுக்காக அலுவலகக் கணிப்பொறியைத் தொட வேண்டியதில்லை. எஞ்சியவை கணக்கு எழுதும் மென்பொருளும் பழைய பதிவேடுகளின் படங்களுமே. தேவை இவ்வளவுதான் என்று அறிந்ததும் பாதிச் சுமை குறைந்தது.

இரண்டாம் வினா: உள்ளே செல்பவர் யார்? ஒருவரா, பலரா? மறுமுனையில் ஆள் இருந்து ஒவ்வொரு முறையும் இசைவு தருவாரா, ஆளில்லாத வேளையிலும் நுழைய வேண்டுமா? பழுது நீக்க வருபவருக்கு ஒருமுறை செல்லும் எண் போதும். நிலையான அனுமதியை அன்றாடப் பணியாளருக்கு மட்டுமே தருதல் வேண்டும்.

மூன்றாம் வினா: திறவுகோல் எத்தகையது? கடவுச்சொல் மட்டும் போதாது. கைபேசிக்கு வரும் எண் போன்ற இரண்டாம் சரிபார்ப்பும் வேண்டும். பணி விட்டுச் செல்பவரின் அனுமதியை அன்றே நீக்க இயல வேண்டும்.

நான்காம் வினா: நடுவிலுள்ள சேவையகம் யாருடையது? ஐந்தாம் வினா: உரிமம் என்ன சொல்கிறது? இலவசம் என்ற சொல்லைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. ஜெர்மனியில் 2005இல் தோன்றிய டீம்வியூவரும், அந்நாட்டிலேயே 2014இல் தோன்றிய எனிடெஸ்க்கும் தனிப்பட்ட பயனுக்கே இலவசம். அலுவலகப் பணிக்கு உரிமம் வாங்க வேண்டும்.

இவ்வினாக்களோடு பெயர்களை நோக்கினோம். விண்டோஸிலேயே உள்ள ரிமோட் டெஸ்க்டாப் வசதி, வீட்டுப் பதிப்பு உள்ள கணிப்பொறியில் வெளியிலிருந்து வருவோரை ஏற்பதில்லை. பள்ளியில் இருந்ததோ அப்பதிப்பே. அவ்வசதி இருப்பினும் அதை நேரே இணையத்தின் முன் திறந்து வைத்தல் கூடாது. 2019 மே மாதம் அதில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. ஆதரவு நிறுத்தப்பட்டிருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குங்கூட மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது. வி.பி.என். என்னும் காப்புடைய தனிவழி அமைத்து, அதன் வழியே செல்வதே அங்கு முறை. ரஸ்ட்டெஸ்க் என்பது திறந்த மூல மென்பொருள். சேவையகத்தை நாமே அமைத்துக்கொள்ளலாம். ஆயின் அதைப் பேணத் தெரிந்தவர் வேண்டும். தஞ்சை மாவட்டத்து உழவர் குடும்பத்தில் வந்த ஸ்ரீதர் வேம்பு நிறுவனர்களுள் ஒருவராகத் தொடங்கிய ஜோஹோ நிறுவனத்துக்கும் ஜோஹோ அசிஸ்ட் என்றொரு மென்பொருள் உண்டு. தொலைவிலிருந்து பழுது நீக்குவோர்க்கு அது ஏற்றது. எங்கள் சிறு தேவைக்குக் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போதுமானதாயிற்று. பள்ளிக்கெனத் தனிக் கணக்கு, இரட்டைச் சரிபார்ப்பு, அதற்குமேல் ஆறு இலக்க எண் ஆகியவற்றை அமைத்தோம். எழுத்தர் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார். அவர் வீட்டில் செய்வது அலுவலகத் திரையிலும் தெரியும். ஆதலின் கணிப்பொறி இயங்கத் திரையை மட்டும் அணைத்து, அறையைப் பூட்டினோம்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்ததை நாம் அறிவோம். அலுவலகத்தில் மின்சாரம் போனால் எந்த மென்பொருளும் பயன்படாது. மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும்படி பல கணிப்பொறிகளில் அமைக்கலாம். கணக்குகளின் படியொன்றை வேறிடத்தில் வைப்பதும் இன்றியமையாதது.

இனி நான் அழுத்திக் கூற விரும்புவது ஒன்று. இம்மென்பொருள்கள் நல்லோர் கையில் கருவி. தீயோர் கையில் கன்னக்கோல். 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. வஞ்சகர்கள் ஏதேனும் காரணம் கூறி எனிடெஸ்க் செயலியைக் கைபேசியில் நிறுவச் செய்து, அதில் தோன்றும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, யு.பி.ஐ. வழியே பணத்தை எடுத்துவிடுகின்றனர் என்பதே அவ்வெச்சரிக்கை. அங்கே பூட்டை எவரும் உடைக்கவில்லை. உடையவரே திறவுகோலை நீட்டிவிடுகிறார். நடத்தும் நிறுவனமும் தாக்குதலுக்கு விலக்கன்று. 2024 பிப்ரவரியில் தன் சேவையகங்களுள் அயலார் புகுந்ததை எனிடெஸ்க் நிறுவனமே அறிவித்து, கடவுச்சொற்களை மாற்றுமாறு வேண்டிற்று. ஆகவே புதுப்பிப்புகளை உடனுக்குடன் ஏற்பதும், பணி முடிந்ததும் இணைப்பைத் துண்டிப்பதும், வேண்டாதபோது மென்பொருளையே நீக்குவதும் நன்று.

உங்கள் இல்லங்களில் நெல் விற்ற பணமும் நகைக்கடன் தவணையும் இன்று கைபேசியில் வந்து போகின்றன. 'வங்கியிலிருந்து பேசுகிறேன், இந்தச் செயலியை இறக்குங்கள், எண்ணைச் சொல்லுங்கள்' என்று எவரேனும் உங்கள் தந்தையாரிடம் கூறினால், அருகிலிருக்கும் நீங்கள் கைபேசியை வாங்கி இணைப்பைத் துண்டியுங்கள். எந்த வங்கியும் அவ்வாறு கேட்பதில்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பணம் போயிருப்பின் காலம் தாழ்த்தாது 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைவில் தெரிவித்தால் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. இன்று மாலையே பாட்டி, தாத்தா, அண்டை வீட்டார் ஆகியோரிடம் இதைக் கூறுங்கள். இந்த உரையால் ஒரு குடும்பத்தின் ஒரு போகத்து வருமானம் காக்கப்படுமாயின், நான் பேசியதன் பயனை எய்தினேன் என்று மகிழ்வேன்.