மண்டையில் ஏறாத பிள்ளை

(பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி அலுவலர் பேசியது)



போன கிழமை ஒரு தாய் என்னிடம் கேட்டார். “பன்னிரண்டு வயசாச்சு, இன்னும் வாசிக்கத் தெரியல சார். மண்டையில ஏறல. கொழும்புக் கடைக்கு அனுப்பிரவா?” அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

என் ஊர் தீவகத்துக் கரம்பொன். 1990 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது என் தம்பிக்கு எட்டு வயது. போன இடத்துப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ‘மொக்கன்’ என்று பெயர். அடியும் வாங்கினான். கணக்கை மனதிலேயே போடுவான், ஆனால் எழுத்து வராது. கொம்புதான் அவனுக்கு எமன். ‘கெ’ எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும், வாயில் முதலில் வருவது ‘க்’. ‘கொ’ என்றால் முன்னே கொம்பு, பின்னே கால், சத்தமோ ஒன்று. நமக்கு அது பழகிப்போச்சு. அவனுக்குப் பழகவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் சுளகில் மணல் பரப்பி, முதலில் சத்தத்தைச் சொல்ல வைத்து, பிறகு விரலால் எழுத வைத்தார். ஒரு நாளைக்கு ஒரே எழுத்து. இரண்டு வருஷம் எடுத்தது. இன்றைக்கு அவன் மோட்டார் மெக்கானிக். பேப்பர் வாசிப்பான், பில் எழுதும்போது பிழை விடுவான்.

எங்கள் ஊரில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகளே குருவான பிறகு, வடக்கன்குளத்தில் படிப்பித்துக்கொண்டுதான் ஒரு பண்டிதரிடம் தமிழ் இலக்கியம் கற்றார். அது வேறு கதை. பிந்திப் படிப்பது வெட்கமில்லை என்பதற்காகச் சொன்னேன்.

முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். காதில் சீழ் வடிகிற பிள்ளைக்கு ‘ல’வும் ‘ள’வும் ஒன்றாகத்தான் கேட்கும். வெறும் தேத்தண்ணியோடு போகிற பிள்ளைக்குப் பசி மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு எம்.ஓ.எச். ஆட்கள் பரிசோதனைக்கு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் எழுத்துப் பிடிபடாவிட்டால் அது கற்றல் இடர், சோம்பல் இல்லை. இரண்டு வகுப்பை ஒரே டீச்சர் பார்க்கிற இடத்தில் அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

கொழும்புக் கடை விஷயம். 2016 முதல் 16 வயது வரை படிப்பு கட்டாயம். 2021 இல் வேலைக்கு வைக்கும் வயதையும் 16 ஆக்கிவிட்டார்கள்.

அந்தத் தாய் மகனை அனுப்பவில்லை. புதன்கிழமை பின்னேரம் இதே மடுவத்தில் அவனோடு மணலில் எழுதத் தொடங்குகிறோம். வேறு பிள்ளைகள் இருந்தால் கூட்டி வாருங்கள். சுளகு ஒன்றும் கொண்டு வாருங்கள், என்னிடம் இரண்டுதான் இருக்கிறது.