பிரிஸ்டலில் தகர்ந்த நிறத்தடை



தப்பெண்ணம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஏதாவது ஒரு சாக்குடன்தான் வரும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1963ஆம் ஆண்டு நடந்த சம்பவம் இதற்குத் தக்க சான்று.

அந்நகரில் அப்போது மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த சுமார் 3,000 பேர் வாழ்ந்து வந்தனர். பேருந்து நிறுவனத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ஆனால், கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் ஓட்டுநர், நடத்துநர் வேலைகள் மறுக்கப்பட்டன. அவர்களைச் சேர்த்தால் வெள்ளையர்கள் வேலையை விட்டு விலகிவிடுவார்கள் என்பது நிர்வாகம் சொன்ன சாக்கு. தொழிற்சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் 1955லேயே இத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. இதைத் தடுக்க நாட்டில் சட்டமும் இல்லை.

சிறுபான்மையினர் வெறுமனே புலம்பிக்கொண்டிருக்கவில்லை. முதலில் சான்று திரட்டினர். பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் நலப் பணியாளர், கய் பெய்லி என்ற 18 வயது இளைஞருக்கு நேர்காணல் ஏற்பாடு செய்தார். பெய்லி மேற்கிந்தியர் என்று தெரிந்ததும் நேர்காணல் ரத்தானது. மூடி மறைத்த பாகுபாடு வெட்டவெளிச்சமானது.

ஏப்ரல் 30ஆம் தேதி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. சிறுபான்மையினர் தனித்து நிற்கவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் சென்றனர். அரசியல்வாதி டோனி பென், எதிர்க்கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன், கிரிக்கெட் வீரராகப் புகழ்பெற்று டிரினிடாட் தூதராக இருந்த லியரி கான்ஸ்டன்டைன் ஆகியோர் குரல் கொடுத்தனர்.

ஆகஸ்ட் 27ஆம் தேதி கூடிய சுமார் 500 பேருந்து ஊழியர்கள், தடையை நீக்க ஒப்புக்கொண்டனர். நிர்வாகம் யாரைக் காரணம் காட்டியதோ, அவர்களே அந்தச் சாக்கைப் பொய்யாக்கினர்! மறுநாள் தடை நீங்கியது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தம் புகழ்பெற்ற உரையை ஆற்றியதும் அதே நாளில்தான். செப்டம்பர் 17ஆம் தேதி, ரக்பீர் சிங் என்ற சீக்கியர் அந்நிறுவனத்தில் வெள்ளையர் அல்லாத முதல் நடத்துநரானார்.

இன ஒதுக்கலுக்கு எதிரான முதல் சட்டம் பிரிட்டனில் 1965ல் வந்தது. 1968ல் அது வேலைக்கும் வீட்டு வசதிக்கும் விரிவாக்கப்பட்டது. பழைய தவற்றுக்காக 2013ல் தொழிற்சங்கம் மன்னிப்புக் கேட்டது.

சான்று, ஒற்றுமை, பெரும்பான்மையினரின் நட்பு, இறுதியில் சட்டம். மாற்றம் வந்த வழி இதுதான். "எங்களுக்கு ஒன்றுமில்லை, மற்றவர்கள்தான் விரும்பமாட்டார்கள்" என்று சொல்லி ஒருவருக்கு வேலையோ வாடகை வீடோ மறுக்கப்படும்போது, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த மற்றவர்களை யாராவது கேட்டுப் பார்த்தார்களா?