பஸ் வண்டி யார் பொறுப்பில்?



1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கொம்பனிகள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலாபமே குறியாயிருந்தோர் கையினின்று வண்டிகள் பொதுவுடைமையானதை நாம் குறை கூறோம். ஆனால், வடக்கிற்கு அனுப்பப்பெற்ற வண்டிகளின் இலக்கத் தகட்டிற் சிங்கள ஸ்ரீ எழுத்தே பொறிக்கப்பட்டிருந்தது. மார்ச்சில் எதிர்ப்பு மூண்டது. பிக்குமார் நெருக்கவே, ஏப்ரல் 9ஆந் திகதி பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தமும் கைவிடப்பட்டது.

1978இல் சபை பிராந்தியச் சபைகளாகப் பிரிந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் ஒன்றாயிற்று. பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினும் கேள்வி ஒன்றே: விடியலிற் சந்தைக்குச் செல்லும் கமக்காரனும், கந்தோருக்கு விரையும் எழுதுவினைஞனும் ஏறும் வண்டியின் நேரத்தை வகுப்போர் யார்? அவ்வூராரைக் கேளாது வகுக்குஞ் சபை மக்கள் சபையாகாது. உடைமை பொதுவானாற் போதாது. அதிகாரமும் பொதுவாதல் வேண்டும்.