மலைமேல் மடம், மலையடியில் கல்லறைகள்

நவம்பர், இறந்தோரை நினைத்துச் செபிக்கும் மாதம். இம்மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உரோமையில் வாழும் நாங்கள் சிலர், தென்கிழக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மோந்தே கசினோ மலைக்குத் திருப்பயணமாகச் சென்று வந்தோம்.

நம் மக்கள் புனித ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனித பெனடிக்ட், கி.பி. 529ஆம் ஆண்டளவில் நிறுவிய துறவு மடம் அங்கே உள்ளது. அவரும் அவருடைய சகோதரி புனித ஸ்கொலாஸ்திக்காவும் அடக்கம் செய்யப்பட்ட இடமும் அதுவே. மடத்தின் நுழைவாயிலுக்கு மேலே இலத்தீனில் ஒரே ஒரு சொல்: 'பாக்ஸ்', அதாவது, அமைதி.

ஆனால் நாங்கள் கண்ட சுவர்கள் பழையவை அல்ல. 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று, நேச நாடுகளின் 200க்கும் மேற்பட்ட விமானங்கள் இம்மடத்தின்மீது குண்டுகளை வீசின. எதிரிப்படை மடத்தைப் பயன்படுத்துகிறது என்ற சந்தேகமே காரணம். ஜெர்மன் வீரர்கள் மலைச்சரிவுகளில் இருந்தார்கள்; மடத்துக்குள் இல்லை. உள்ளே இருந்தவர்கள் துறவிகள் சிலரும், அடைக்கலம் தேடி வந்திருந்த ஊர் மக்களுமே. அம்மக்களில் பலர் மடிந்தனர். ஏறக்குறைய 80 வயதான மடாதிபதி கிரகோரியோ தியாமாரே, பிழைத்தவர்களை அழைத்துக்கொண்டு, மரச்சிலுவை முன்செல்ல, செபமாலை சொல்லியபடி மலையிறங்கினார். அதன்பின்னரே ஜெர்மன் படையினர் இடிபாடுகளுக்குள் புகுந்து அவற்றை அரணாக்கிக்கொண்டனர். போர் மே மாதம்வரை நீண்டது. எதை அஞ்சினார்களோ, அதையே அந்தச் சந்தேகம் உண்டாக்கிவிட்டது.

மடத்திலிருந்து பார்த்தால் போலந்து வீரர்களின் கல்லறைகள் தெரிகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். மலையடியில் உள்ள காமன்வெல்த் கல்லறைத் தோட்டத்தில் 4,200க்கும் மேற்பட்டோர். சற்றுத் தள்ளி, காய்ரா என்னுமிடத்தில், ஜெர்மன் வீரர்கள் 20,000க்கும் மேற்பட்டோர். பல கற்களில் பெயர்கூட இல்லை. அவர்கள் யாரென்று கடவுள் ஒருவரே அறிவார். வரிசை வரிசையாக நடந்தபோது 20, 21 என்ற வயதுகளை வாசித்தோம். எந்த நாட்டவர் என்று பிரித்துச் செபிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இந்திய வீரர்களும் இம்மண்ணில் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர், அந்நாளைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். மடம் தகர்க்கப்பட்ட ஒன்பதாம் நாள், பிப்ரவரி 24 அன்று, கசினோவுக்கு அருகே மிஞ்ஞானோவில் கண்ணிவெடி ஒன்று வெடிக்கவிருந்தபோது, உடனிருந்தவர்களைக் காக்க அதன்மேல் தாமே விழுந்து உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது, இறந்தபின் வழங்கப்பட்டது. நண்பருக்காக உயிரையே தருவதுதான் அன்பின் உச்சம் என்று இயேசு இறுதி இரவுணவில் கற்பித்ததை, கிறிஸ்தவரல்லாத இந்தச் சகோதரர் வாழ்ந்து காட்டினார்.

அன்பர்களே, நம் வீடுகளிலும் பங்குகளிலும் எத்தனை உறவுகள் வெறும் சந்தேகத்தால் இடிந்துபோயின! 'அவர் இப்படிச் சொன்னாராமே' என்று கேட்ட ஒரு சொல்லை நம்பி, அண்ணன் தம்பியோடு பேசாமல் ஆண்டுகள் ஓடிவிட்டன. நேரில் போய் ஒருமுறை விசாரித்தோமா? அவர் பக்கத்தைக் கேட்டோமா? இறந்தபின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். இருக்கும்போதே கதவைத் தட்டலாமே!

இடிந்த மடம் பழைய இடத்திலேயே மீண்டும் எழுந்தது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் ஆலயத்தை அர்ச்சித்து, புனித பெனடிக்டை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார். மடத்தை எழுப்ப ஆண்டுகள் பல ஆயின. உறவைக் கட்டவும் நாளாகும். ஆனால் முதல் கல்லை இந்த வாரமே நாம் வைக்கலாம்.

இறைவா, போரில் மாண்ட அனைவருக்கும் நித்திய இளைப்பாற்றி தாரும். சந்தேகத்தை விட்டு, சகோதரரைத் தேடிச் செல்லும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.