பியானோவும் சிம்பொனியும்

1808ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் வியன்னாவில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியைப் பற்றி இன்று பேசுகிறோம். கடுங்குளிர், அரங்கினுள்ளும் அதே நடுக்கம். பீத்தோவனின் படைப்புகளை ஏறத்தாழ நான்கு மணி நேரம் மக்கள் அமர்ந்து கேட்டார்கள்.

நான்காம் பியானோ கான்செர்ட்டோவை அவரே வாசித்தார். கான்செர்ட்டோ என்பது ஒற்றை வாத்தியமும் பெரிய குழுவும் உரையாடுவது. வழக்கமாகக் குழுதான் முதலில் தொடங்கும். இதிலோ பியானோ தனியே மெல்லப் பேசுகிறது. குழு பிறகே மறுமொழி சொல்கிறது. எத்தனை துணிச்சல்!

சிம்பொனியில் அப்படித் தனி நாயகன் இல்லை, எல்லாரும் சேர்ந்தே உழைக்க வேண்டும். ஐந்தாம் சிம்பொனியை உலகம் முதலில் கேட்டதும் அன்றுதான். ஒத்திகையோ போதவில்லை. இறுதிப் படைப்பில் குழு தடுமாறவே, நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள்.

அப்போதே அவர் செவி மங்கிவந்தது. அதன்பின் அவர் பொதுமேடையில் கான்செர்ட்டோ வாசிக்கவேயில்லை.