விரைவும் குழைவும்



சுசீந்திரம் தாணுமாலயன் திருக்கோயிலின் அலங்கார மண்டபத்து இசைத்தூண்களை அறியாதவர் இவ்வவையில் இரார். ஒரே கல்லில் கடைந்தெடுத்த சிறு தூண்களின் தொகுதி அது. தட்டினால் சுரம் பிறக்கும். விரைந்து தட்டினால் சுரங்கள் விரைந்து பிறக்கும். ஆயின் ஒரு சுரத்தை அடுத்த சுரத்தோடு இழைத்துத் தருவதற்கு அத்தூண்களால் இயலாது. ஓசை உண்டு, குழைவு இல்லை. இது சிற்பியின் குறையன்று, கல்லின் இயல்பு.

இம்மாவட்டத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் கிட்டார் வாசிக்கும் இளைஞர் பலர் உள்ளனர். பாட்டின் நடுவே தாளக் கருவிகளும் துணைக் கருவிகளும் பின்னின்று தாங்க, ஒரு கிட்டார் மட்டும் முன்வந்து தனித்துப் பேசும் இடத்தை லீட் என்கிறார்கள். அந்த இடம் வந்ததும் விரல்கள் பறக்கத் தொடங்கும். கேட்போர் வியந்து கைதட்டுவர். பாட்டு முடிந்தபின் அந்த வாசிப்பில் ஓர் இழையேனும் அவர்தம் நினைவில் நிற்பதில்லை. நாளெல்லாம் உழைத்து விரல் நுனி காய்த்துப்போன ஓர் இளைஞனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்றில்லை. இதைக் கண்டு, விரைவே உணர்ச்சிக்குப் பகை என்று தீர்ப்புச் சொல்லும் பெரியோர் உளர். அத்தீர்ப்பு ஏற்புடையதன்று. அது மெய்யானால் ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களில் எவரும் நெஞ்சைப் பறிகொடுத்திருக்க முடியாது.

குறை எங்கே இருக்கிறது என்று கருவியிடமே கேட்கலாம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு ஃபிரெட் என்று பெயர். வீணையில் மெட்டு என்பதன் இனம். அவை ஒரு தாயியைப் பன்னிரண்டு சமக்கூறுகளாக்கி நிறுத்திவிடுகின்றன. விரலை வைத்து மீட்டினால் அந்தந்தக் கூறு மட்டுமே ஒலிக்கும். சுசீந்திரத்துத் தூணும் செய்வது இதுதான். ஆனால் கல்லுக்கு இல்லாத ஒரு நன்மை கம்பிக்கு உண்டு. அது வளையும். அழுத்திய கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினால் சுரம் மேலேறும். விரலை மெல்ல அசைத்தால் நடுங்கும். விரலை எடுக்காமலே நகர்த்தினால் வழுக்கிச் செல்லும். தள்ளுவதால் சுரத்தை ஏற்றத்தான் முடியும். இறக்கம் வேண்டுமென்றால் மீட்டுவதற்கு முன்பே ஓசையின்றித் தள்ளி வைத்து, மீட்டியபின் மெல்லத் தளர்த்தவேண்டும். பி. பி. கிங் என்னும் அமெரிக்கக் கலைஞர் ஒற்றைச் சுரத்தை நடுங்கச் செய்தே ஒரு முழுப் பாடலின் துயரத்தையும் சொல்லிவிடுவார். விரைந்து வாசிப்போர் முதலில் கைவிடுவது இந்த அசைவைத்தான். விரலுக்கு நேரம் இல்லை என்பது அவர்கள் கூறும் காரணம்.

அக்காரணம் பாதி உண்மை. மறுபாதியை வர்ணம் பயில்வோர் அறிவர். ஒரே வர்ணத்தை முதற்காலத்தில் பாடுகையில் ஒவ்வொரு சுரமும் தன் அசைவு முழுவதையும் காட்டி நிற்கிறது. இரண்டாம் காலத்தில் அதே அசைவுகளை அப்படியே திணித்தால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியும். அசைவுகளை எல்லாம் நீக்கினாலோ இராகம் முகமிழக்கும். தேர்ந்த பாடகர் இரண்டையும் செய்வதில்லை. சில சுரங்களை நேராக விட்டுவிட்டு, இராகத்தின் உயிர் எந்தச் சுரத்தில் இருக்கிறதோ அங்கு மட்டும் அசைவைச் சுருக்கி வைப்பார். தோடியின் காந்தாரம் முதற்காலத்தில் பலமுறை அசையும்; விரைவில் ஓர் அசைவே மிஞ்சலாம். அந்த ஒன்று இல்லாவிட்டால் அது தோடி ஆகாது. விரைவு என்பது எதை விடுவது, எதைக் காப்பது என்னும் தெரிவு. கிட்டார் வாசிப்போர்க்கும் இதுவே பொருந்தும். ஒரு சொற்றொடர் போன்ற சுரக்கோவையில் முதற்சுரத்திலோ இறுதிச் சுரத்திலோ ஒரு குழைவு போதும். இடைச்சுரங்கள் ஓடலாம்.

இதற்குச் சான்று தேடி வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. உ. சீனிவாசன் கையில் எடுத்த மாண்டலின், தமிழிசைக்கோ கருநாடக இசைக்கோ உருவான கருவியன்று. அதன் தந்திகள் இரண்டிரண்டாக இணைந்தவை. ஓசை விரைவில் மடிந்துவிடும். ஃபிரெட்டுகள் நெருங்கி நிற்கும். கமகத்திற்கு இவ்வளவு இடைஞ்சலான கருவி அரிது. அவர் மின் மாண்டலினை எடுத்து, இணைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்துக்கொண்டார். மின்விசையால் ஓசை நீண்டது. ஒற்றைத் தந்தியானதால் சுரம் வழுக்கிச் செல்ல வழி பிறந்தது. 1978-இல், ஒன்பது வயதில் மேடையேறிய அச்சிறுவனின் விரைவைக் கண்டு உலகம் வியந்தது. அதைவிட வியப்புக்குரியது அவர் கற்ற முறை. ஆசிரியர் ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசித்துக் காட்டியவரல்லர். செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பயின்ற அவர் பாடினார், மாணவர் அப்பாட்டைத் தந்தியில் வாங்கினார். விரலைப் பார்த்து விரல் கற்கவில்லை. குரலைக் கேட்டு விரல் கற்றது. 2014-இல் சீனிவாசன் மறைந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்துதான்.

ஜான் மக்லாலின் என்னும் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் மறுகரையிலிருந்து இதே இடத்திற்கு வந்தவர். மின் கிட்டாரில் அவருடைய விரைவு ஏற்கெனவே பேர் பெற்றிருந்தது. 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோருடன் சக்தி என்னும் குழுவில் இணைந்தபோது, அந்த விரைவு மட்டும் அவருக்குப் போதவில்லை. ஃபிரெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகக் கடைந்த ஒரு கிட்டாரைச் செய்வித்துக்கொண்டார். விரல் மரத்தில் உராயாமல் கம்பியை ஆழ இழுக்க அக்குழிவு இடங்கொடுத்தது. வீணையின் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதன் பயனும் அதுவே. பிற்காலத்தில் அவரும் சீனிவாசனும் ஒரே மேடையில் வாசித்தார்கள்.

குழைவுக்கு அடுத்தது மூச்சு. நாகசுரக்காரர் எவ்வளவு விரைந்தாலும் ஓரிடத்தில் மூச்சு வாங்கியாக வேண்டும். அந்த இடைவெளியில்தான் கேட்போர் முன்பு கேட்டதை நெஞ்சில் வாங்கிக்கொள்கின்றனர். கிட்டாருக்கு மூச்சு முட்டுவதில்லை; அதுவே அதற்குக் கேடாகிறது. வாசிக்க எண்ணும் சுரக்கோவையை முதலில் வாயால் பாடிப் பார்த்து, எங்கே மூச்சு வாங்கவேண்டி வருகிறதோ அங்கே விரலையும் நிறுத்தப் பழகும் இளைஞனுக்கு வேறு ஆசிரியர் அதிகம் தேவைப்படார். எல்லாச் சுரங்களையும் ஒரே வன்மையுடன் மீட்டாமல், சிலவற்றை வல்லோசையாகவும் சிலவற்றை மெல்லோசையாகவும் மீட்டுவதும் இதனோடு சேர்ந்தது. பேச்சிலும் எல்லாச் சொல்லும் ஒரே அழுத்தம் பெறுவதில்லையே.

கவிஞர்கள் நிறைந்த அவையில் இதை விரித்துரைப்பது மிகையாகலாம். யாப்பு இதனை முன்பே கண்டிருக்கிறது. தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த இருபது வண்ணங்களுள் முடுகு வண்ணம் ஒன்று. அடியின் எல்லை தோன்றாமல் ஓடுவது அதன் இயல்பு. அதே வரிசையில் தூங்கல் வண்ணமும் அளபெடை வண்ணமும் வைக்கப்பட்டுள்ளன. வண்ணக ஒத்தாழிசைக் கலிப்பாவின் உறுப்பமைதி இன்னும் தெளிவானது. தரவு நின்று பேசும். தாழிசை இழைந்து செல்லும். பிறகு அராகம் குற்றெழுத்துக்கள் உருள விரைந்தோடும். முடுகியல் என்று அதற்கு மறுபெயரும் உண்டு. அம்போதரங்கத்தில் அடிகள் படிப்படியாகக் குறைந்து அலைபோல் ஒடுங்க, தனிச்சொல் வந்து ஒற்றையாய் நிற்கும். அந்த ஒரு சொல் நிற்பதற்காகவே அத்தனை ஓட்டமும் என்று தோன்றும். செய்யுளின் தொடக்கத்திலேயே அராகத்தை வைத்தவர் எவருமில்லை. லீட் வாசிப்பின் முதல் சுரத்திலிருந்தே முடுகும் இளைஞர்க்கும், கவியரங்க மேடையில் படிமங்களை மூச்சுவிடாமல் அடுக்கும் கவிஞர்க்கும் (அத்தகையோர் இவ்வவையில் இல்லை என்றே கொள்ளலாம்) இந்த உறுப்பு வரிசை ஒரே பாடத்தைச் சொல்கிறது.

நாஞ்சில் நாட்டுக் கொடைவிழாக்களின் வில்லுப்பாட்டில் இது கண்முன் நிகழ்கிறது. கதை தொடங்கும்போது புலவர் ஊரையும் குலத்தையும் பேச்சுப்போலச் சொல்லிக்கொண்டு போவார். வீசுகோல் வில்லின் நாணில் விட்டு விட்டு விழும். மணிகள் அளவாய்ச் சிணுங்கும். சுடலையின் சினமோ இசக்கியின் பழியோ நெருங்க நெருங்க உடுக்கும் குடமும் முடுகும், பின்பாட்டுக்காரர் புலவரின் சொல்லை முடியும் முன்பே வாங்குவர், அருள் வரப்போகிறது என்று கூட்டம் எழுந்து நிற்கும். ஓட்டத்தின் உச்சியில் புலவர் வீசுகோலைத் தூக்கியபடியே நிறுத்துவார். உடுக்கு மட்டும் மெல்ல முனகும். கொல்லப்பட்டவளின் பெயரை அவர் நீட்டி ஒருமுறை அழைப்பார். அந்த ஒரு விளிக்குத்தான் பெண்கள் குலவையிடுகின்றனர். முன்வரிசைக் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைக்கின்றனர். பிறகே வீசுகோல் மீண்டும் நாணில் இறங்கும்.