பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு அம்மா கையெழுத்தும் செல்லும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. சேமிப்பு, வங்கிக் கடன் பற்றி மற்ற அக்காக்கள் நல்லாச் சொல்லிட்டாங்க. நான் சொல்ல வந்தது பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போக, இல்லை அனுப்பி வைக்க, அப்பா அம்மா கொடுக்க வேண்டிய சம்மதப் பேப்பர் பற்றி. "நமக்கு எதுக்கு அது" என்று நினைக்காதீங்க. நம்ம குழுக்களில் எத்தனை வீட்டில் ஆம்பிளைங்க துபாயிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க.

எங்க குழுவில் ஒரு தங்கச்சி. பேர் வேண்டாம். வீட்டுக்காரர் விட்டுட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சு, எங்கே இருக்கார்னு தெரியாது. மகளுக்கு 13 வயசு, சிலம்பம் நல்லாச் சுத்துவா. மலேசியாவில் ஒரு போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தாங்க. பாஸ்போர்ட் எடுக்கப் போனா, டவுனில் ஒரு புரோக்கர், "அப்பா கையெழுத்து இல்லாம ஆகாது. எட்டாயிரம் கொடு, அப்பா செத்துட்டார்னு போட்டு முடிச்சுத் தர்றேன்" என்றாராம். அந்தத் தங்கச்சி எட்டாயிரம் உள்கடன் கேட்டுக் கூட்டத்துக்கு வந்தாள். எதுக்குப் பணம்னு கேட்டப்போதான் இந்தக் கதை வெளியே வந்துச்சு.

நான் உடனே வேண்டாம்னு சொன்னேன். என் வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். என் மகனுக்குப் பாஸ்போர்ட் எடுத்தப்போ இந்தப் பேப்பர் எல்லாம் நானே பார்த்ததால எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்றேன்.

சம்மதம் ஏன் கேட்கிறாங்க? பிள்ளை ரெண்டு பேருக்கும் சொந்தம். ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தரோ, வேற யாரோ நாட்டை விட்டுக் கொண்டு போயிடக் கூடாது. அதனால அந்தப் பேப்பர் நம்ம பிள்ளைக்குப் பாதுகாப்புதான்.

அப்பா அம்மா ரெண்டு பேரும் சம்மதித்தால் 'அனெக்சர் டி' என்ற உறுதிமொழியில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அப்பா வெளிநாட்டில் இருந்தால், அவர் அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கிய உறுதிமொழியை அனுப்பணும். என் வீட்டுக்காரர் துபாயில் உள்ள துணைத் தூதரகத்தில் வாங்கி அனுப்பினார். இங்கே நான் 'டி'-யில் கையெழுத்துப் போட்டேன்.

ஒருத்தர் சம்மதம் கிடைக்கலைன்னா 'அனெக்சர் சி' இருக்கு. பிள்ளை என் பொறுப்பில் இருக்கு, அவர் சம்மதம் இந்தக் காரணத்தால வாங்க முடியலை, முழுப் பொறுப்பும் நானேன்னு அம்மா எழுதிக் கொடுக்கலாம். 2016 டிசம்பரில் விதியை மாற்றினாங்க. அதிலிருந்து இந்த அனெக்சர்களை வெள்ளைத் தாளில் நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், நோட்டரி முத்திரை தேவையில்லை. விண்ணப்பத்திலும் அப்பா, அம்மா, காப்பாளர் இவங்களில் ஒருத்தர் பெயர் இருந்தால் போதும்.

ஆனா உள்ளதை உள்ளபடி எழுதணும். கணவர் தவறியிருந்தால் இறப்புச் சான்றிதழ், விவாகரத்து ஆகியிருந்தால் கோர்ட் உத்தரவு கையில் இருக்கணும். பிள்ளை சம்பந்தமா வழக்கு நடந்தால் மறைக்கக் கூடாது. 1967-ஆம் வருஷப் பாஸ்போர்ட் சட்டப்படி பொய்த் தகவல் கொடுத்தால் 2 வருஷம் வரை ஜெயில். உயிரோட இருக்கிறவரைச் செத்துட்டார்னு எழுதியிருந்தால் மாட்டுவது புரோக்கர் இல்லை, கையெழுத்துப் போட்ட அந்தத் தங்கச்சிதான்.

அவள் 'சி' எழுதினாள். 18 வயசுக்குக் கீழே சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். 8 வயசுக்குள்ளே இருந்தால் அதிலும் 10 சதவீதம் குறைவு. குழுவில் அவள் வாங்கிய உள்கடன் கடைசியில் 2,000 ரூபாய்தான்.

இன்னொரு சிக்கல் பெயர். நிறையப் பிறப்புச் சான்றிதழில் பிள்ளை பெயரே இருக்காது. ஒரு வருஷத்துக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, அதுக்கு மேல தாமதக் கட்டணம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதணும். ஆதாரில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் அலைய விட்டுடுவாங்க. அவசரம் வரும் முன்னாடியே சரி பண்ணி வைங்க.

பாஸ்போர்ட் வந்ததும் வேலை முடியலை. பிள்ளை ஒருத்தர்கூட மட்டும் போனாலோ, பாட்டி, மாஸ்டர் யார்கூடவாவது போனாலோ, சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருக்கணும். விசாவுக்கும் கேட்கலாம், விமான நிலையத்திலும் கேட்கலாம். நாட்டுக்கு நாடு மாறும், டிக்கெட் போடும்போதே விசாரிச்சுக்கணும். கடிதத்தில் பிள்ளை பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், யார் கூடப் போகிறாள், எந்தத் தேதியில் போய் எப்போ திரும்புவாள், எங்கே தங்குவாள், நம்ம போன் நம்பர் எல்லாம் இருக்கணும். ஆங்கிலத்தில் எழுதி, நோட்டரி வக்கீலிடம் முத்திரை வாங்கி, கூடவே பிறப்புச் சான்றிதழ் நகலும் வைக்கணும்.

அந்தக் கடிதத்தில் அந்தத் தங்கச்சி ஒருத்திதான் கையெழுத்துப் போட்டாள். ஒரு ஃபைலில் 'சி' நகலையும் சேர்த்து மாஸ்டரிடம் கொடுத்தோம். விமான நிலையத்தில் கேட்டிருக்காங்க, மாஸ்டர் எடுத்துக் காட்டியிருக்கார். பிள்ளை போய்ட்டு வந்தாச்சு. பரிசு வரலை, அடுத்த வருஷத்துக்கு இப்பவே சுத்திக்கிட்டு இருக்கா.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒன்று. 'சி', 'டி', சம்மதக் கடிதம் மூணுக்கும் மாதிரி எடுத்து நம்ம அலுவலகத்தில் ஒரு ஃபைலில் வைங்க. சந்தேகம்னா 1800-258-1800 என்ற பாஸ்போர்ட் சேவை எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். அந்த நம்பரையும் எல்லாரும் தீர்மானப் புத்தகத்து முதல் பக்கத்தில் எழுதிக்கங்க.